முதல் கவளம்

பைடண், சக வருஷம் 1695, சைத்ர வளர்பிறை தசமி.

பிம்பள்வாடித் தையற்காரர் பிகாஜி அண்ணாவுக்குத் தங்கை சாளு காலில் விழுந்து எழுதுவது. கோதாவரி புண்ணியத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நீ, அண்ணி, மைனா எல்லோரும் சுகந்தானே? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் இந்தச் சத்திரத்துக் கணக்கர் நரோபந்த். பிராமணர். தள்ளி உட்கார்ந்திருக்கிறார், அதனால் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "அழுதா எழுத மாட்டேன், மை கரையும்" என்கிறார். என் கண்ணீர் அவ்வளவு தூரம் எப்படிப் போகும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் புருஷன், உன் வீட்டு மாப்பிள்ளை, போய்விட்டார்.

துங்கபத்திரைக் கரையில் படைப் பாளையம் இறங்கியிருந்தபோது வாந்திபேதி வந்தது. கூடாரம் தைக்க எங்களோடு வந்த நம் சாதிக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அவரவர் உயிர் அவரவர்க்கு வெல்லம். அவரைக் கொண்டுபோன மறுநாள் நானும் படுத்தேன். அடுத்த கூடாரம், பாளையத்து மாடுகளுக்குத் தோல்பையில் தண்ணீர் சுமக்கிற முசல்மானுடையது. அவன் பெண்டாட்டி ஜைனாபீ சோளக் கஞ்சியோடு வந்து நின்று கேட்டாள்: "குடிச்சா சாதி போகும், குடிக்காட்டி உசிரு போகும். ரெண்டுல எதும்மா வேணும் உனக்கு?" நான் கஞ்சியை வாங்கிக்கொண்டேன். எழுந்து உட்காரும்வரை அவள் கையால்தான் கஞ்சியும் தண்ணீரும்.

மறைத்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. ஆனால் நாம் யார் வீட்டுப் பிள்ளைகள்? சாதியிலிருந்து விழுந்தவனை மறுபடி பந்தியில் சேர்க்கும்போது முதல் கவளம் எடுக்கிற வீடு நம் வீடு. விழுந்தவன் தன் கையால் பரிமாறுவான், அப்பா முதலில் எடுத்து உண்பார், அவன் பாவம் அந்தக் கவளத்தோடு அப்பா வயிற்றுக்குள் போய்விடும், பிறகு ஊரே உண்ணும். அப்பாவுக்குப் பின் நீ. "சொன்னவனைத் தூக்கலாம், மறைச்சவனைத் தூக்க முடியாது" என்பாரே, ஞாபகமிருக்கிறதா? அதனால் சொல்லிவிட்டேன். எனக்குப் பயமில்லை. தூக்கிவிடுகிற கை என் அண்ணன் கைதானே.

ஜைனாபீயும் அவள் புருஷனும் இந்த ஊர்க்காரர்கள். அவர்களோடுதான் வந்து சேர்ந்தேன். சத்திரத்துப் பின்னால் மாட்டுக் கொட்டகை ஓரம் இடம் கொடுத்திருக்கிறார்கள். இங்குள்ள நம் சாதியார், "உங்க ஊர்ப் பந்தி சேத்துக்கிட்டா நாங்களும் தண்ணி குடுப்போம், அதுவரைக்கும் வாசல் மிதிக்காதே" என்கிறார்கள். சீக்கிரம் வந்து கூட்டிப் போ. மைனாவுக்கு அவளுக்குப் பெயர் வைத்த அத்தையின் முத்தம்.

சாளு


பிம்பள்வாடி, வைசாகத் தேய்பிறை திருதியை.

தங்கை சாளுவுக்கு அண்ணன் பிகாஜியின் ஆசி. அம்மன் அருளால் இங்கு எல்லோரும் சுகம். உன் உடம்பு தேறிய விவரம் எழுதவும்.

உன் கடிதம் வந்த அன்று ஊசி பிடிக்கவில்லை. மாப்பிள்ளைக்காக எல்லோரும் தலை முழுகினோம். என் கல்யாணத்தில் அவர் என் தலைப்பாகையைத் தட்டிவிட்டுச் சிரித்ததே நினைவுக்கு வருகிறது. என்ன சொல்லி எழுதுவது, சாளு.

சாதித் தலைவர் தோண்டிபா மேத்ரேயிடம் விஷயத்தைச் சொன்னேன். "பொண்ணு தானா வாயைத் திறந்து சொல்லியிருக்கா. அதுவே பாதிப் பிராயச்சித்தம். கூட்டத்துல வைப்போம்டா" என்றார். கூட்டம் கூட நாளாகும். அதுவரை ஊர் எல்லைக்குள் வந்துவிடாதே.

இன்னொன்று. கூட்டத்தில் என்னைக் கேட்பார்கள், பைடண் வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கையால் வாங்கிக் குடித்தாளா என்று. நான் நிமிர்ந்து பதில் சொல்ல வேண்டும். ஆகவே இனி ஜைனாபீ கையால் ஒரு சொட்டுத் தண்ணீரும் வாங்காதே. நோன்பு மாதிரி இரு. என்மேல் ஆணை.

நல்ல செய்தியும் உண்டு. மைனாவுக்குச் சங்கம்நேரில் சம்பந்தம் அமைந்திருக்கிறது. பெரிய இடம், பத்துப் பேர் உட்கார்ந்து தைக்கிற கடை. கார்த்திகையில் துளசி கல்யாணம் கழிந்ததும் முகூர்த்தம். உன் கடிதம் வந்த இரண்டாம் நாள் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, "பொண்ணோட அத்தை எங்கே, காணோமே?" என்று கேட்டார். "பாளையத்துல இருக்கா" என்றேன். வேறென்ன சொல்வது.

பிகாஜி


பைடண், ஜேஷ்ட பௌர்ணமி.

அண்ணாவுக்குச் சாளுவின் தண்டம். இங்கு சுகம். அங்கு அண்ணியின் முழங்கால் வீக்கம் வற்றியதா?

மைனாவுக்குக் கல்யாணமா! மூக்கை என் முந்தானையில் துடைத்த கழுதை! மாப்பிள்ளைப் பையனுக்கு ஊசி கோக்கத் தெரியுமா, இல்லை சித்தப்பா சம்பாத்தியத்தில் மீசை முறுக்குகிறவனா? விசாரித்து எழுது.

நான் பாளையத்தில் இருப்பதாகவே இருக்கட்டும். கல்யாண வீட்டில் ஆயிரம் வாய். ஆனால் முகூர்த்தத்துக்கு முன்னால் கவளம் முடிந்துவிடும் அல்லவா? அவளுக்கு மஞ்சள் பூசும்போது அத்தை கை வேண்டாமா? நான் கைம்பெண், பூசக் கூடாது, தெரியும். ஓரமாக நின்று பார்க்கவாவது வேண்டும்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் வளையல்காரரிடம் ஒரு ரவிக்கை கொடுத்தனுப்புகிறேன். இந்த ஊர்த் தறித் துணி, பச்சை. கைவிளிம்பில் சிவப்பு நூலால் ஜோடிக் கிளி போட்டிருக்கிறேன். கைம்பெண் தைத்தது கல்யாணத்துக்கு ஆகாது என்று அண்ணி சொன்னால் சும்மா நாளில் போடட்டும். அளவுக்கு ஆள் இல்லாமல் மனக்கணக்கில் வெட்டினேன். கழுத்துக் கொஞ்சம் இறங்கிவிட்டதோ என்று சந்தேகம். போட்டுப் பார்த்து அவசியம் எழுது.

ஜைனாபீயிடம் உன் ஆணையைச் சொன்னேன். "என் கஞ்சி வேணாம், என் வாய்ப் பேச்சு மட்டும் வேணுமா? நல்ல நோன்பும்மா உங்க நோன்பு!" என்றாள். கோபம் இரண்டு நாள்தான். நானே ஆற்றுக்குப் போய் முகந்து வருகிறேன், நானே பொங்குகிறேன். சொல் தவறவில்லை.

அப்பா இன்னொன்றும் சொல்வார், "ஊரையே தூக்குற கை நம்ம கை. நாம விழுந்தா தூக்க வேற கை இல்லை, பாத்து நடங்க" என்று. நல்லவேளை, விழுந்தது கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன நான். நீ நின்றுகொண்டிருக்கிறாய்.

சாளு


பிம்பள்வாடி, சிராவண வளர்பிறை பஞ்சமி.

தங்கை சாளுவுக்கு ஆசி. இங்கு சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

மழையில் ஓடை புரண்டு ஆள் போக்குவரத்து இல்லை. அதனால்தான் பதில் தாமதம். கூட்டம் இன்னும் கூடவில்லை. தோண்டிபாவுக்கும் உடம்பு சரியில்லை. விதைப்பு முடியட்டும் என்கிறார்கள்.

ரவிக்கை வந்தது. மைனா போட்டுக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அத்தைக்குச் சொல்லுங்கள் என்றாள். பொறுமையாக இரு.

பிகாஜி


பைடண், பாத்ரபதத் தேய்பிறை அஷ்டமி.

அண்ணாவுக்குத் தண்டம். இங்கு சுகம். தோண்டிபா மாமாவுக்கு இப்போது எப்படி? துளசியும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுக்கச் சொல்.

"சுகம்னு எழுதச் சொல்றியே, இருமல் சத்தத்துல எனக்குத் தூக்கம் போச்சு, அதையும் எழுதவா?" என்று நரோபந்த் கேட்கிறார். எழுத வேண்டாம் என்றேன், எழுதிவிட்டார். கொட்டகை ஒழுகுகிறது, அவ்வளவுதான். மழை நின்றால் இருமலும் நிற்கும்.

மைனா சுற்றிக் காட்டினாள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை நரோபந்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். ஆனால் அண்ணா, நீ தையற்காரன்தானே! கழுத்து எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கிடையாதா? தோள் சுருங்குகிறதா? கிளி இரண்டும் கை மடக்கும்போது முட்டிக்கொள்கிறதா? பெண்ணைப் பெற்றவன் கண்ணால் பார்த்தாயோ என்னவோ, கைத்தொழில்காரன் கண்ணால் பார்த்து எழுது.

ஆற்றுக்குப் போய் வர முன்னைவிட நேரமாகிறது. நடுவில் உட்கார்ந்து எழுந்து போகிறேன். ஜைனாபீ குடத்தோடு எதிரில் வருவாள், நிற்பாள், என்னைப் பார்ப்பாள். ஒன்றும் பேசமாட்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கூட்டம் எப்போது?

சாளு


பிம்பள்வாடி, அசுவின வளர்பிறை தசமி.

தங்கைக்கு ஆசி. இங்கு சுகம். இருமலுக்குச் சுக்கும் வெல்லமும் அனுப்பியிருக்கிறேன்.

இன்று தசரா. ஊசி, கத்தரிக்கோல், அளவுக்கயிறு எல்லாம் பூஜையில் வைத்தோம். உன் பழைய ஊசிப்பெட்டியையும் வைத்தேன். கூட்டம் விஷயமாக எழுத ஒன்றும் இல்லை. நடக்கும்.

தீபாவளி கழிந்த துவிதியை வருகிறதே, நீ எனக்கு ஆரத்தி எடுக்கிற நாள். பாளையத்துக்குப் போன வருஷங்கள் தவிர நீ தவறவிட்டதில்லை. இந்த வருஷம் நான் பைடண் வருகிறேன். உன் கையால் சாப்பிட முடியாது, தொட முடியாது, எட்ட நிற்பேன். நீ இருக்கிற இடத்திலிருந்தே தட்டைச் சுற்று. பார்த்துவிட்டு வந்தால் போதும் எனக்கு. நிச்சயம் வருவேன்.

பிகாஜி


பைடண், கார்த்திகை வளர்பிறை திருதியை.

அண்ணாவுக்குச் சாளுவின் தண்டம். அங்கு க்ஷேமமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. எல்லோரும் க்ஷேமம் என்று நேற்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

நேற்று துவிதியை. தட்டில் விளக்கு, வெற்றிலை, தேங்காய் எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு காலையிலிருந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன். என்னை மேல்படித்துறையில் விடுவதில்லை. துணி துவைக்கும் இடத்துக்கும் அப்பால், ஊர் தீண்டாத மஹார் சனங்கள் குளிக்கும் இடத்தில்தான் நானும் குளிக்கிறேன். ஒவ்வொரு படகாக வந்தது. நீ வரவில்லை. கார்த்திகை ஸ்நானத்துக்கு நம் ஊர் ரக்மி வந்தாள், மேத்ரே வாசல் பெருக்குகிறாளே, அவள். மகளையும் கூட்டி வந்திருந்தாள்.

"அட, தையக்கார வீட்டு சாளு அக்கா! எப்படி இருந்த உடம்பு, எலும்பும் தோலுமா ஆயிட்டீங்களே!" என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை ரவிக்கை. கைவிளிம்பில் ஜோடிக் கிளி.

"ரவிக்கை நல்லாருக்கே ரக்மி, ஏது?"

"உங்க அண்ணி குடுத்தாங்கக்கா. மழை ஆரம்பத்துல. மடிப்புக்கூடப் பிரிக்கலை, கொல்லைப்பக்கம் குச்சியால தள்ளிவிட்டு, 'எடுத்துட்டுப் போடி, எதுவும் கேக்காதே'ன்னாங்க. நமக்கென்ன, புதுத்துணி!"

அந்தப் பெண்ணைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். கழுத்து இறங்கவில்லை அண்ணா. தோளும் சரி. நீ எழுதாததால் நானே பார்த்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ரக்மி வெள்ளை மனசுக்காரி, வாய் ஓயாது. "நீங்க எப்பக்கா ஊருக்கு வரப் போறீங்க? உங்களைச் சேத்துக்கலாம்னு கூட்டம் ஆஷாட மாசமே சொல்லிடுச்சே! நான் அங்கதான் பெருக்கிக்கிட்டிருந்தேன். உங்க அண்ணன்தான் கையெடுத்துக் கும்பிட்டாரு. 'முசல்மான் வீட்டுத் தண்ணி குடிச்ச பாவத்தை நான் இப்ப முழுங்கினா சம்பந்தி வீட்டார் எந்திரிச்சுப் போயிடுவாங்க, கல்யாணம் முடியட்டும் ஐயா'ன்னு அழுதாரு. மேத்ரேகூட, 'ஏண்டா, கூடப் பொறந்தவ கொட்டாயில கிடக்காளேடா'ன்னாரு."

அழுதாயா? அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த துவிதியைச் சீர்.

நெஞ்சு எரிகிறது அண்ணா. "சாளு, மைனா கல்யாணம் முடியும்வரை பொறு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் பொறுத்திருக்க மாட்டேனா? அவளுக்குப் பெயர் வைத்தவள் நான். அவள் வாழ்வில் நானா மண் போடுவேன்? ஊர் தள்ளிவைத்தது, அது ஊர் வழக்கம். நீ ஏன் பொய் எழுதினாய்? அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டு மூன்று மாதம் சந்தோஷமாக இருந்தேனே, பைத்தியக்காரி.

கூடப்பிறந்தான் இல்லாதவள் துவிதியை அன்று நிலாவைத்தானே அண்ணனாக வைத்து ஆரத்தி எடுப்பாள்? பொழுது சாய்ந்ததும் கீற்றாக வந்தது. எழுந்து தட்டைச் சுற்றினேன். "இதை எழுதித்தான் ஆகணுமா?" என்கிறார் நரோபந்த். எழுதட்டும்.

பிறகு ஜைனாபீ வாசலில் போய் நின்று, "கஞ்சி இருக்கா?" என்றேன். "ஆறு மாசம் கழிச்சு இப்பத்தான் பசிச்சுதா?" என்று திட்டிக்கொண்டே ஊற்றினாள். குடித்தேன். நேற்று இரவு இருமல் இல்லை. உன் ஆணையை மீறிவிட்டேன், இதையும் மறைக்கவில்லை.

மைனா நன்றாக இருக்கட்டும்.

சாளு


பிம்பள்வாடி, மார்கசீர்ஷ வளர்பிறை பிரதமை.

என் சாளுவுக்கு அண்ணன் ஆசி. உன் உடம்பு எப்படி என்று எழுது. எப்படி இருந்தாலும் உள்ளபடி எழுது.

ரக்மி சொன்னதெல்லாம் உண்மை. துவிதியை அன்று வண்டி பூட்டினேன். சம்பந்தி வீட்டார் பரிசம் கொண்டு வந்து இறங்கினார்கள், அவிழ்த்துவிட்டேன். ரவிக்கையை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் கொடுத்துவிட மனம் வராது என்று பார்க்கவில்லை. வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

மைனா கல்யாணம் முடிந்தது. தாலி கட்டியதும் எழுந்துபோய்ச் சபையில் சொல்லிவிட்டேன், என் தங்கை பைடணில் இருக்கிறாள், பௌர்ணமி அன்று அவளுக்கு முதல் கவளம் எடுக்கப் போகிறேன் என்று. சம்பந்தி முகம் கறுத்தது. கட்டின தாலியை என்ன செய்வார்கள். பௌர்ணமிக்கு நாள் குறித்தாயிற்று. புது அரிசி, வெல்லம், கடலைப்பருப்பு வாங்கிவிட்டேன். பூரணப் போளி உன் கையால் பரிமாற வேண்டும். முதல் துண்டு நான் எடுப்பேன். தசமி அன்று நானே வண்டி கட்டிக்கொண்டு வந்து உன்னை ஏற்றிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. துவிதியை அன்று கஞ்சி வாங்கியதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. சிலர் முறைத்தார்கள். தோண்டிபாதான் சமாளித்தார், "பழசு போகட்டும். இன்னிலேருந்து பந்தியில உக்கார்ற வரைக்கும் அந்தக் கையால தண்ணிகூட வாங்கக் கூடாது. வாங்கினா இந்தக் கூட்டம் மறுபடி கூடாது" என்று. இந்தக் கடைசித் தடவை பொறுத்துக்கொள், கண்ணு. இத்தனை மாதம் இருந்தவளுக்கு இது பெரிதில்லை.

வருகிறேன். இந்தத் தடவை வருகிறேன்.

பிகாஜி


பைடண், மார்கசீர்ஷ வளர்பிறை துவாதசி.

(ஜைனாபீ சொல்வதை அவள் வாய்மொழியாகவே எழுதியிருக்கிறேன். நரோபந்த்.)

சாளுவோட அண்ணனுக்கு சலாம். நீங்க நல்லா இருக்கீங்களா, உங்க வீட்டுல நல்லா இருக்காங்களா. உங்க தங்கச்சி நல்லா இல்லை.

துவிதியைக்கு அப்புறம் என் கையால கஞ்சி குடிச்சா. முகத்துல ரத்தம் வந்துச்சு. என்னைத் திட்டுற அளவுக்குத் தேறிட்டா. அப்பத்தான் உங்க கடுதாசி வந்துச்சு. "நானே வண்டி கட்டிக்கிட்டு வரேன்"னு இருக்கிற எடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னா. சிரிச்சா. அன்னியிலேருந்து என் கையைத் தள்ளிட்டா. ஆத்துக்குக் குடத்தைத் தூக்கிட்டுப் போனா, பனியில நனைஞ்சா, ஜுரம் வந்துடுச்சு. இப்ப எந்திரிக்க முடியலை.

தலையைத் தூக்கிப் புடிச்சு ஊத்தினாத்தான் தண்ணி உள்ள எறங்கும். இங்க உங்க சாதிக்காரங்க யாரும் வரலை. பந்த் நல்ல மனுசன், எட்ட நின்னு ஊத்துறாரு, அது கன்னத்துல வழிஞ்சு போகுது. அவரு தொட மாட்டாரு. நான் தொடுவேன், அவ குடிக்க மாட்டா. வாய்கிட்ட கொண்டு போனா பல்லைக் கடிச்சுக்கிறா. "வர்ற நாள்ல கெடுத்துடாதே ஜைனா. அண்ணன் சபையில தலைகுனியக் கூடாது"ங்கிறா.

துங்கபத்திரையில இதே கைதானே குடுத்துச்சு. இதே வாய்தானே குடிச்சுது. அப்ப அண்ணன் வருவான்னு யாரும் சொல்லலை, அதான் பொழைச்சா.

நீங்க தசமிக்கு வரேன்னீங்க. தசமி போயிடுச்சு. எங்க இருக்கீங்க? நீங்க வராட்டியும் போகுது. ஜைனாபீ கையால குடின்னு ஒரே ஒரு வரி எழுதி ஆள் அனுப்புங்க. பந்த் வாசிச்சுச் சொல்லுவாரு. நான் சொன்னா கேக்க மாட்டா, நீங்க சொன்னா கேப்பா. உங்க பொண்ணு மேல ஆணை.

ஜைனாபீ


சாளு, தண்ணீர் குடி. ஜைனாபீ கையால் குடி. அண்ணன் சொல்கிறேன்.


பைடண், மார்கசீர்ஷத் தேய்பிறை ஏகாதசி.

பிம்பள்வாடி சாதித் தலைவர் தோண்டிபா மேத்ரே அவர்களுக்குப் பிகாஜி தண்டமிட்டு எழுதுவது. அங்கு பந்தியார் எல்லோரும் க்ஷேமமாக இருக்க வேண்டும்.

சம்பந்தி வீட்டார் மறுவீட்டு விருந்துக்கு வந்து தங்கிவிட்டார்கள். அவர்கள் முன்னால் வண்டி பூட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை, சபையில் சொன்ன வாய்தான், இருந்தும் வரவில்லை. இதோ கிளம்புவார்கள், இதோ கிளம்புவார்கள் என்று தசமியும் போனது. ஜைனாபீயின் கடிதம் வந்த அன்றுதான் ஆளை ஓடவிட்டு, பின்னால் நானும் கிளம்பினேன். ஆள் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரமாம். நரோபந்த் என் வரியை அவள் காதருகே உட்கார்ந்து வாசித்திருக்கிறார். அன்று அவர் எட்ட உட்காரவில்லை. கேட்டதா இல்லையா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உதடு திறந்துதான் இருந்தது, ஊற்றின தண்ணீர் வழிந்துவிட்டது என்கிறாள் ஜைனாபீ.

ஜைனாபீயின் புருஷன் தோல்பைக்காரரும் இரண்டு வண்டிக்காரர்களும் தூக்கிப் போனார்கள். இங்குள்ள நம் சாதியார் வரவில்லை. நான் மறுநாள் வந்தேன். சாம்பல் சூடாக இருந்தது.

நேற்று பத்தாம் நாள். ஆற்றங்கரையில் பிண்டம் வைத்தேன். காகங்கள் வந்து சுற்றி உட்கார்ந்தன, ஒன்றும் தொடவில்லை. மைனாவைப் பார்த்துக்கொள்கிறேன் சாளு என்றேன். தொடவில்லை. ஊர்ப் பந்தியில் உன் பெயருக்கு இலை போடச் சொல்கிறேன் என்றேன். தொடவில்லை. வெயில் ஏறிவிட்டது. ஜைனாபீ தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் போய், "கஞ்சி இருக்கா?" என்று கேட்டேன். "வேணாம் ஐயா, இப்ப எதுக்கு?" என்றாள். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். கொண்டுவந்து ஊற்றினாள். "சாளு, முதல் கவளம் நான் எடுத்துவிட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் குடித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. காகம் தொட்டுவிட்டது என்று நரோபந்த் சொன்னார். இரக்கமுள்ள மனிதர், தொடாவிட்டாலும் அப்படித்தான் சொல்லுவார்.

நான் விழுந்துவிட்டேன் ஐயா. எங்கள் வீட்டார் விழுந்தால் தூக்கக் கை இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். தூக்கச் சொல்லி எழுதவில்லை. எனக்கு மகன் இல்லை, முதல் கவள உரிமையை வேறு நல்ல வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். துணிச்சலுள்ள வீடாகப் பாருங்கள். என் பெண்டாட்டியைப் பந்தியிலிருந்து எழுப்ப வேண்டாம், அவள் எதையும் வாங்கிக் குடிக்கவில்லை. சங்கம்நேரிலிருந்து கேட்டால் பெண்ணின் அப்பன் செத்துவிட்டான் என்றே சொல்லுங்கள். பாளையத்தில் இருக்கிறான் என்று மட்டும் சொல்ல வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் எல்லோரும் எனக்காகத் தலை முழுகிவிடுங்கள்.

பதில் எழுத வேண்டியதில்லை. கொட்டகையில் அவள் இருந்த இடத்தில் உட்கார்ந்து தைக்கிறேன். தாகம் எடுத்தால் ஜைனாபீ தண்ணீர் கொடுக்கிறாள். வாங்கிக் குடிக்கிறேன்.

பிகாஜி